நடுச்சம்பளம்

அலுவலகத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கல்லூரிகளை வரிசைப்படுத்திப் புத்தகம் போடும் நிறுவனம் அது. எந்தக் கல்லூரியில் படித்தவர்கள் வேலைக்குப் போய் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரித்து, அதிகம் வாங்குகிறவர்களின் கல்லூரிக்கு முதலிடம், அடுத்ததற்கு இரண்டாமிடம் என்று அடுக்கி அச்சிடுவார்கள். பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருக்கும் வீடுகளெல்லாம் அதை வாங்கும். வந்து சேரும் தகவலில் கல்லையும் உமியையும் பொய்யையும் சலித்து எடுப்பது அவர் வேலை. பதினாறு வருடமாகச் சலிக்கிறார். கீழே என்ன விழுந்தது என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

புத்தகத்தின் உயிர்நாடி நடுச்சம்பளம். சராசரி போட்டால் ஒரே ஒரு கொழுத்த சம்பளக்காரன் மொத்தப் பேரையும் தூக்கிவிட்டுவிடுவான். அதனால், படித்து முடித்தவர்களைச் சம்பளப்படி வரிசையாக நிற்கவைத்து, நட்டநடுவில் நிற்பவன் என்ன வாங்குகிறான் என்று பார்ப்பார்கள். அவனுக்கு மேலே பாதிப் பேர், கீழே பாதிப் பேர். அந்த எண்ணுக்கு அவ்வளவுதான் பொருள். ஆனால் அப்படி யார் படிக்கிறார்கள்? "இங்க சேர்ந்தா இவ்வளவு" என்று, கடையில் சட்டையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார்கள். கீழே நிற்கிற பாதி எப்போதும் அடுத்த வீட்டுப் பிள்ளைகள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, சல்லடையின் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. சாதாரண இடமில்லை. எட்டு வருடமாக அவர்கள் புத்தகத்திலேயே முதலிடத்தில் இருக்கும் கல்லூரி. ஊரே அதை முதல் நம்பர் காலேஜ் என்றுதான் சொல்லும். நடுச்சம்பளம் மாதம் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் செல்போனில் "சேர்கிறேன்" என்ற பொத்தானை அழுத்திவிடவேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரியண்ணனுக்கு ஒரு போன், சின்னண்ணனுக்கு ஒரு போன்.

"ஆமா அண்ணே, ஒன்னு எண்பத்தஞ்சு. மாசத்துக்குத்தான், வருசத்துக்கில்ல!"

"இன்னும் சேரவே இல்ல. அதுக்குள்ள சம்பளம் வாங்கிட்டியா?" என்றார் சல்லடை, சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

"நீங்க வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. உங்க புத்தகத்துல போட்ட நம்பர்தானே? நானா இட்டுக் கட்டினேன்?"

மகள் சுவரில் சாய்ந்து நின்று, இரண்டு கையாலும் செல்போனைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினேழு வயது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்கும் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. பொய் சொல்வானேன்.

அலுவலகத்தில் மதியம் எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்கியபின், அவர் அந்தக் கல்லூரியின் பட்டியலைக் கணினியில் திறந்தார். மகள் போகப்போகிற இடமாயிற்றே, ஒரு பார்வை பார்த்துவைப்போம் என்றுதான். ஐம்பத்து மூன்று பேர் வரிசையாக இருந்தார்கள். சம்பளப்படி நிறுத்தினால் நடுவில் இருபத்தேழாவது ஆள், ஒன்று எண்பத்தைந்து. எல்லாம் சரி. ஆனால் இடது ஓரத்தில் வரி எண்கள் மூன்றிலிருந்து ஒன்பதுக்குத் தாவின. ஒன்பது, பத்து, பிறகு பதினான்கு. கடைசி வரியின் எண் நூற்று அறுபத்தைந்து.

அந்தத் தாவலைச் செய்தவரே அவர்தான். முன்பெல்லாம் பதில் சொல்லாதவர்களும் பட்டியலில் நடுநடுவே வெறும் கட்டமாகக் கிடப்பார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரம்மா சலித்துக்கொண்டார். பதினோரு வருடத்துக்கு முன் சல்லடைதான் வழி கண்டுபிடித்தார். மூன்று முறை கூப்பிடுவது, யாரும் எடுக்காவிட்டால் விடுபட்டவர் என்பதற்கு "வி" என்று ஓர் எழுத்துப் போடுவது, அந்த வரியை மறைத்துவிடுவது. அழிக்கவேண்டாம், மறைத்தால் போதும். பட்டியல் பளிச்சென்று ஆனது. அந்த வருடம் அவருக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது. பதில் வராதவன் கணக்கிலும் வராமல் போனான் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரும்தான்.

மறைத்த வரிகளைத் திறக்கும் பொத்தானை அழுத்தினார். நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுந்து வந்து ஐம்பத்து மூன்று பேருக்கு நடுவே நின்றார்கள். நூற்றுப் பன்னிரண்டு "வி". எல்லாம் அவர் தட்டிய எழுத்து. நூற்று அறுபத்தைந்து பேரில் உண்மையான நடு ஆள் எண்பத்து மூன்றாவது ஆளல்லவா? அவன் இந்தக் கூட்டத்துக்குள் எங்கோ இருக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்ததில் நாற்பத்தேழாம் வரி வந்தது. அந்த எண்ணைக் கூப்பிட்டார்.

முதல் மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"சார்," என்றது ஓர் இளைஞனின் குரல். "எங்களையும் எண்ணப்போறீங்களா?"

"தம்பி, நான் கல்லூரி வழிகாட்டி ஆபீஸ்லேர்ந்து—"

"தெரியும் சார். போன வருஷம் மூணு தடவை கூப்பிட்டீங்க. அப்புறம் விட்டுட்டீங்க."

"நீங்க எடுக்கலையேப்பா."

"மூணு தடவையும் எடுத்தேன் சார். கடைசித் தடவை சம்பளம்கூடச் சொன்னேன். இருபத்திரண்டாயிரம். பார்சல் குடோன்ல ராத்திரி ஷிஃப்ட்டுல லேபிள் ஒட்டுறேன்னு சொன்னேன். நீங்க பக்கத்துல யார்கிட்டயோ 'யாரும் எடுக்கல'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டீங்க."

பையனின் குரலுக்குப் பின்னால், அதே வீட்டில், ஒரு பெண்மணி யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "ஒன்னு எண்பத்தஞ்சு. மாசத்துக்கு."

அவர் போனை வைத்துவிட்டு அடுத்த வரியைக் கூப்பிட்டார். மணி அடிக்கவில்லை. "எண்ணப்போறீங்களா சார்?" என்றாள் ஒரு பெண். பின்னால் ஒரு கிழவர் இருமிவிட்டு, "ஒன்னு எண்பத்தஞ்சு" என்றார். அடுத்தவன், அதற்கடுத்தவள். ஒன்பது பேரைக் கூப்பிட்டார். ஒன்பது பேரும் காத்திருந்தவர்கள்போல எடுத்தார்கள், ஒன்பது பேரும் அதையே கேட்டுவிட்டுத் தங்கள் சம்பளத்தைச் சொன்னார்கள், ஒன்பது வீட்டிலும் பின்னால் யாரோ அந்த எண்ணைச் சொன்னார்கள். சாப்பிட்டு வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். பேயறைந்தவர்போல இருந்தார் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்களாம்.

மறுநாள் மதியம் விடுப்புப் போட்டுவிட்டு நாற்பத்தேழாம் வரிக்காரனின் வீட்டுக்குப் போனார். முகவரி பட்டியலிலேயே இருந்தது. நான்கு மாடிக் கட்டடம். படிக்கட்டில் யாரோ சைக்கிளைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தது ஐம்பது வயது அம்மாள். கையில் ஈரம், புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"உங்க பையனைப் பத்தி விசாரிக்க வந்தேன்மா. காலேஜ் புத்தகம் போடுற ஆபீஸ்லேர்ந்து."

அம்மாளின் முகம் மலர்ந்தது. "வாங்க சார், வாங்க! அவன் இங்க எங்க இருக்கான்? பெரிய ஊர்ல பெரிய வேலை. ஒன்னு எண்பத்தஞ்சு வாங்குறான். மாசா மாசம் அலமாரில பணம் இருக்கும், அவன்தான் எப்படியோ சேர்த்துடுறான். உக்காருங்க, டீ போடுறேன்."

அம்மாள் சமையலறைக்குள் போனார். போகிற வழியில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த இளைஞனின் கால்முட்டியைச் சுற்றிக்கொண்டு போனார். மேசையைச் சுற்றிப் போவதுபோலப் போனார். ஒரு பார்வை கிடையாது.

மெலிந்த பையன். விரல் நுனிகளில் லேபிள் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று வணக்கம் சொன்னான்.

"நாற்பத்தேழா?" என்றார் சல்லடை. வேறு எப்படிக் கேட்பதென்று அவருக்குத் தோன்றவில்லை.

"ஆமா சார். உக்காருங்க."

"உங்க அம்மா..."

"கோவம்லாம் இல்ல சார். பாக்குறதில்ல, அவ்ளோதான்." அவன் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "படிப்பு முடிஞ்சு வந்ததும் நாலு மாசம் கேட்டாங்க. அந்த நம்பர் எப்ப வரும், எப்ப வரும்னு. எனக்குக் கெடச்சது இந்த குடோன் வேலை. ஒருநாள் எதிர்வீட்டு அக்கா வந்து, உன் பையனுக்கு எவ்வளவுன்னு கேட்டாங்க. அம்மா புத்தகத்துல இருந்த நம்பரைச் சொன்னாங்க. சொல்லிட்டுத் திரும்பி என்னைப் பாத்தாங்க சார். கண்ணு என்மேல நிக்கல. வழுக்கிட்டுப் போயிடுச்சு. அன்னியிலேர்ந்து இப்படித்தான்."

"சாப்பாடு?"

"சட்டில மிச்சம் இருக்கிறதை எடுத்துப்பேன். பூனை வந்து தின்னுட்டுப் போகுதுன்னு அம்மா ஜன்னலை அடைக்கிறாங்க. பாவம், எந்தப் பூனையும் இல்ல."

சமையலறையிலிருந்து பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சல்லடைக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"எனக்கு மட்டும் எப்படித் தம்பி நீ தெரியற?"

"நீங்கதானே சார் எங்களை மறைச்சீங்க," என்றான் நாற்பத்தேழு. குற்றம் சொல்கிற தொனி அதில் இல்லை. "மறைச்சு வெச்சவருக்குத்தானே எங்க வெச்சோம்னு தெரியும்."

அம்மாள் டீ கொண்டுவந்தார். ஒரே ஒரு கோப்பை. சல்லடை அதைக் குடித்தார். மகனைப் பற்றி அம்மாள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். அந்த மகன் இரண்டடி தள்ளி நின்று அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை அவர் நேரே ஆசிரியரம்மாவின் அறைக்குப் போனார். புதிய ஆண்டின் புத்தகம் அச்சுக்குப் போகத் தயாராக மேசைமேல் கிடந்தது. அட்டையில் அதே கல்லூரியின் கட்டடம்.

"மேடம், முதல் இடத்தை நிறுத்தி வைங்க. நூத்திப் பன்னிரண்டு பேரை நாம எண்ணவே இல்ல. அவங்களையும் சேர்த்தா நடு ஆள் மாறிடுவான். நான் பேசினவங்கள்ல ஒருத்தருக்கும் முப்பதாயிரம் தாண்டல."

ஆசிரியரம்மா கெட்டவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கேட்டார். "பதில் சொல்லாதவங்களை எப்படிங்க சேர்க்கறது? பூஜ்யம்னு போடவா?"

"பதில் சொல்றாங்க மேடம். இதோ, நீங்களே பேசுங்க." நாற்பத்தேழைக் கூப்பிட்டு, "சார்" என்று அவன் குரல் வந்தபின் போனை அவர் கையில் கொடுத்தார்.

ஆசிரியரம்மா காதில் வைத்தார். கேட்டார். திருப்பிக் கொடுத்தார். "இந்த எண் உபயோகத்தில் இல்லைன்னு பதிவுக் குரல் வருது," என்றார். பிறகு, கனிவாகவே, "பொண்ணு காலேஜ் போற நேரம். எல்லா அப்பாவுக்கும் இப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க, சல்லடை," என்றார்.

அவர் போனைக் காதில் வைத்துப் பார்த்தார். "சார், விடுங்க சார்," என்றான் நாற்பத்தேழு.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் பேச்சை எடுத்தார். வீட்டில் இருக்கிற இருவரிடமும் பேய்க்கதையைச் சொன்னால் எடுபடாது என்கிற அளவுக்கு அவருக்கு விவரம் உண்டு. அதனால் கணக்காகவே பேசினார். நூற்று அறுபத்தைந்து பேர், அதில் ஐம்பத்து மூன்று பேர்தான் சொன்னார்கள், நல்ல சம்பளம் வாங்குகிறவன்தான் வாயைத் திறப்பான், வாங்காதவன் ஒதுங்கிக்கொள்வான், ஆகவே அந்த நடு உண்மையான நடு இல்லை. அது நல்லா வந்தவர்களுக்குள்ளேயே நடு. காகிதத்தில் கோடு போட்டுக்கூடக் காட்டினார்.

"சரி, நூத்திப் பன்னிரண்டு பேர் சோம்பேறிங்க," என்றாள் மனைவி. "அதுக்கு நம்ம பொண்ணு என்ன பண்ணுவா?"

"சோம்பேறின்னு யாரு சொன்னா?"

"பின்ன? அம்புட்டுப் பெரிய காலேஜ்ல படிச்சுட்டு ஒருத்தன் சும்மா இருக்கான்னா அவன்மேலதான் ஏதோ கோளாறு. நீங்க கெட்டதையே நினைங்க. நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

"ஏன் சொன்னே?"

"சந்தோஷம்னா சொல்லத்தான் செய்வாங்க. வேற எதுக்கு அது?"

மகள் காகிதத்தில் அவர் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்பா, நான் இந்தக் கோட்டுக்குக் கீழ வருவேன்னு நினைக்கிறீங்களா?"

"அப்படி இல்ல கண்ணு."

"அப்ப மேல வருவேன்தானே? அப்ப என்ன பிரச்சினை?"

படித்த பிள்ளை மடக்கிவிட்டது. இல்லை என்றால் மகள்மேல் நம்பிக்கை இல்லாத தகப்பன், ஆமாம் என்றால் பேச்சு முடிந்தது. அங்கே போய்ச் சேர்கிற ஒவ்வொரு பிள்ளையும் மேல் பாதிதான், சேருகிற அன்றைக்கு. அவளை இழந்துவிடுவோம் என்ற பயம் மட்டும் பச்சையாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. இழப்பது என்றால் சாவோ சண்டையோ இல்லை. வீட்டுக்குள்ளேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி இல்லாமல் போவது.

"நாளைக்குக் காலைல என்கூட ஒரு வீட்டுக்கு வா," என்றார். "அங்க படிச்ச ஒருத்தனைப் பாரு. அவன்கிட்டப் பேசு. அதுக்கப்புறம் நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் ஒத்தை வார்த்தை பேசமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சனிக்கிழமை பத்து மணிக்கு அந்த மூன்றாம் மாடியில் இருந்தார்கள். அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. பெண்ணுக்கு அதே கல்லூரியில் இடமா, என் பையன் படித்த கல்லூரியா, உட்காரும்மா, உட்கார்! நாற்பத்தேழு ஜன்னலோர நாற்காலியில் தலையை வாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முந்தின ராத்திரி குடோனுக்கு விடுப்புச் சொல்லியிருந்தானாம். அவனுக்கும் இது பரீட்சை மாதிரிதான் இருந்திருக்கும்.

"கண்ணு, இவர்தான்," என்றார் சல்லடை, நாற்காலியைக் காட்டி.

மகள் சிரித்தாள். நாற்காலியை நோக்கி நடந்தாள். திரும்பி உட்காரப் போனாள். நாற்பத்தேழு கடைசி நொடியில் எழுந்து விலகினான். அவள் உட்கார்ந்தாள்.

"குஷன் சூடா இருக்கே ஆன்ட்டி. இங்க வெயில் அடிக்குமா?"

"பூனை படுத்திருக்கும்மா. சனியன், எந்த வழியா வருதுன்னே தெரியல."

நாற்பத்தேழு அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். முகத்துக்கு நேரே, ஒரு முழ தூரத்தில். "தங்கச்சி," என்றான். "நான் நல்லாத்தான் படிச்சேன். எண்பத்தாறு சதவீதம். நான் சோம்பேறி இல்ல. நீ அங்க போகக் கூடாதுன்னு சொல்லல. போ. ஆனா அந்த நம்பரை வீட்டுல விட்டுட்டுப் போகாத. அம்மா அதைத்தான் வளர்ப்பாங்க. நீ திரும்பி வர்றப்ப உன் இடத்துல அது உக்காந்திருக்கும்."

மகள் அவனைத் தாண்டி, சுவரில் மாட்டியிருந்த பட்டமளிப்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் ஸ்மார்ட்டா இருக்காங்க ஆன்ட்டி. இப்ப எவ்வளவு வாங்குறாங்க?"

"ஒன்னு எண்பத்தஞ்சும்மா."

"பாத்தீங்களாப்பா? புத்தகத்துல இருக்கிற அதே நம்பர்!"

"கண்ணு, உன் முன்னாடி பாரு," என்றார் சல்லடை. "முன்னாடி ஒருத்தன் உக்காந்து பேசிட்டிருக்கான். பாரேன். எனக்காகப் பாரேன்."

அம்மாளும் மகளும் அவரைப் பார்த்த பார்வையை அவர் சாகும்வரை மறக்கமாட்டார். அம்மாள் மெல்ல எழுந்து, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டாள்.

"அப்பா, யார்கிட்டப்பா பேசுறீங்க?"

நாற்பத்தேழு முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "அவங்களுக்கு நான் தெரியமாட்டேன் சார். வருத்தப்படாதீங்க." ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான். "நான் சேர்றதுக்கு முன்னாடி எங்க மாமா என்னை இப்படித்தான் ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். அவரும் காலேஜ் பட்டியல் சம்பந்தமா ஏதோ வேலைதான். அங்க ஒரு காலி நாற்காலியைப் பாத்துப் பேசிட்டே இருந்தார். அழுதார்கூட. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. அன்னிக்குச் சாயந்திரமே சேந்துட்டேன்."

திரும்பும் வழியில் பேருந்தில் இருவர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மகள் ஜன்னலோரம். மூன்று நிறுத்தம் போகும்வரை அவள் வெளியே பார்த்தபடி வந்தாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க நல்லாத் தூங்கியே எத்தனை நாளாச்சுப்பா?"

"நான் பைத்தியம் இல்ல கண்ணு."

"நான் அப்படிச் சொல்லல. என்னை விட்டுப் பிரியணுமேன்னு உங்களுக்கு பயம். எனக்கும்தான் பயம்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா எனக்குப் போகணும்பா. ரொம்ப ஆசையா இருக்கு."

மணி பதினொன்று நாற்பது. சத்தியம் செய்திருந்தார். செல்போனைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசிவிடலாம் என்று ஒரு கணம் கை துறுதுறுத்தது. வீசியிருந்தாலும் என்ன? வேறு செல்போனில் அழுத்துவாள், அப்புறம் ஆயுசுக்கும் அவரிடம் பேசமாட்டாள். அவர் சரி என்று தலையை ஆட்டினார். அவள் அழுத்தினாள். திரையில் பச்சை நிறத்தில் ஏதோ பூத்தது. அவள் முகத்தில் அந்த வெளிச்சம் பட்டது.

அவர் அவளைப் பார்த்தார். இடது புருவத்தில் சின்ன வயதில் கதவில் இடித்துக்கொண்ட தழும்பு. கழுத்தில் பரு ஒன்று. கீழுதட்டைக் கடிக்கிற பழக்கம். ஒவ்வொன்றாகப் பார்த்து மனப்பாடம் செய்தார். இருபத்திரண்டாயிரம் வாங்கினாலும், ஒன்றுமே வாங்காமல் வந்து வாசலில் நின்றாலும், இந்த முகத்தை மறப்பதில்லை என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டார். அதைச் சொல்லிக்கொள்வதுகூடக் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

"என்னப்பா இப்படிப் பாக்குறீங்க?"

"சும்மாத்தான்."

"அம்மாகிட்டச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வீட்டுக்குப் போட்டாள். ஒலியைச் சத்தமாக வைத்தாள். "அம்மா! சேந்துட்டேன்!"

"ஹலோ?" என்றாள் மனைவி.

"அம்மா, நான்தான். அழுத்தியாச்சு. சேந்துட்டேன்!"

"ஹலோ... யாருங்க? சத்தமே வரலையே."

மகள் செல்போனைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். சிக்னல் கோடுகள் எல்லாம் முழுசாக இருந்தன. இன்னொரு முறை, வாயருகே வைத்து, முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி, "அம்மா!" என்று கத்தினாள்.

"வெறும் வண்டிச் சத்தம்தான் கேக்குது," என்றாள் மனைவி.

"பஸ்ல சிக்னல் ஒழுங்கா இல்லப்பா," என்று சிரித்துக்கொண்டே மகள் செல்போனை அவரிடம் நீட்டினாள். அவர் ஒலியைத் தணித்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"நான்தான்," என்றார்.

"ஆங், இப்ப கேக்குது! நீங்க பேசினா மட்டும் கணீர்னு கேக்குதே. அவ எங்க? அழுத்திட்டாளா?"

"அழுத்திட்டா. இங்கதான் இருக்கா. என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா." அவர் மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். "நான் இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன். நீ கதவைத் திறந்து வெச்சுட்டு வாசல்லயே நில்லு. நாங்க வர்ற வரைக்கும் யார்கிட்டயும் அந்த நம்பரைச் சொல்லாதே. உன் கால்ல வேணா விழறேன். இனிமே ஒருத்தர்கிட்டயும் சொல்லாதே."

மறுமுனையில் மனைவி சந்தோஷமாகச் சிரித்தாள்.

"இனிமே சொல்றதுக்கு யாருங்க பாக்கி? எல்லார்கிட்டயும் சொல்லி முடிச்சுட்டேனே."